மார்கழியில் பத்து நாள் விபஸ்ஸனா

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் எங்களுக்குப் பூக்கடை. இருபத்திரண்டு வருஷமாக விடியற்காலை 3 மணிக்குக் கடை திறந்து, மதியம் வரை விலை சொல்லிக் கூவுவதுதான் என் வேலை. போன ஐப்பசியில் கட்டிக்கொண்ட குரல் மூன்று வாரமாகியும் திறக்கவில்லை. பேச்சைக் குறைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மார்க்கெட்டில் நின்றுகொண்டு எப்படிக் குறைப்பது? வாடிக்கையாகப் பூ வாங்கும் டீச்சரம்மா ஒருவர்தான், பத்து நாள் யாரோடும் பேசாமல் உட்கார்ந்து தியானம் பழகும் விபஸ்ஸனா முகாமைப் பற்றிச் சொன்னார். தொண்டைக்கு ஓய்வு கிடைக்குமே என்ற ஒரே எண்ணத்தில் விண்ணப்பம் போட்டேன். என்னைப் போல ஓய்வை நினைத்துப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அங்கே நடப்பது கடும் உழைப்பு.

கோயங்கா என்ற தியான ஆசிரியரின் வழியில் நடக்கும் முகாம் இது. எந்த ஊர் மையத்துக்குப் போனாலும் அதே மணி, அதே பாடம், அவருடைய அதே பதிவுக் குரல்தான். அதனால் நான் போன இடத்தைவிடச் சொல்லித்தரும் முறையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பூ வியாபாரிக்குப் பத்து நாள் ஒழிவது லேசில்லை. முகூர்த்தம் இல்லாத மாதம் என்று மார்கழியைப் பிடித்தேன். "கோயில் பூவை நான் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வா அக்கா" என்றான் தம்பி. மகள் கைபேசியில் விண்ணப்பத்தை நிரப்பினாள். என்ன நோய், என்ன மாத்திரை, மனநலத்துக்காகச் சிகிச்சை எடுத்ததுண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். உள்ளதை உள்ளபடி எழுதிவிடுங்கள், மறைக்காதீர்கள்.

போன அன்றே கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். புத்தகம், பேனா, நோட்டு எதுவும் கூடாது. பூஜை, ஜபம், விளக்கு, விரதம் எல்லாவற்றையும் அந்தப் பத்து நாளுக்கு நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கோலம் போடாமல், விளக்கேற்றாமல் ஒரு மார்கழி என் வாழ்க்கையில் போனதில்லை. விடியற்காலையில் எங்கோ ஒரு கோயில் ஒலிபெருக்கி மெல்லக் கேட்கும், கண் கலங்கும். ஆனாலும் ஒன்றோடு ஒன்றைக் கலந்தால் எதனால் என்ன பலன் என்று தெரியாமல் போய்விடும் என்று அவர்கள் சொன்ன காரணம் நியாயமாகப் பட்டது. ஒத்துக்கொண்டேன்.

காலை 4 மணிக்கு மணி அடிக்கும். எல்லாரும் அதைக் கண்டு பயப்படுகிறார்கள், எனக்கு அது ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம். 4.30க்கு உட்கார ஆரம்பித்தால், இடையிடையே விட்டு விட்டு, இரவு 9 வரை. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் தியானம். 6.30க்கு டிபன், 11க்குச் சாப்பாடு. மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்குப் பொரியும் பழமும் டீயும், அவ்வளவுதான். ஏற்கெனவே வந்தவர்களுக்கு எலுமிச்சைத் தண்ணீர் மட்டும். இரண்டாம் நாளே பசி பழகிவிட்டது.

பேசாமல் இருப்பதும் கஷ்டமில்லை. சந்தேகம் இருந்தால் ஆசிரியரிடம் கேட்கலாம், தேவை இருந்தால் சேவை செய்கிறவர்களிடம் சொல்லலாம். மற்றவர்களை நிமிர்ந்து பார்ப்பதோ சைகை காட்டுவதோ கூடாது. நான்காம் நாள் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியம்மா, ரசம் ஊற்றிக்கொண்டதும் கரண்டியின் பிடியை என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, தலை நிமிராமலே நகர்ந்தார். ஒரு வார்த்தை இல்லை. இன்றைக்கும் எனக்கு அது மறக்கவில்லை.

உள்ளே ஓடுகிற பேச்சுதான் நிற்காது. முதல் மூன்று நாளும் மூச்சைக் கவனிப்பது மட்டும்தான். இழுத்துப் பிடிக்கக் கூடாது, எண்ணக் கூடாது, எந்தப் பெயரும் சொல்லக் கூடாது. வருவதையும் போவதையும் மூக்கு வாசலில் சும்மா பார்க்க வேண்டும். அப்புறம் மூக்குக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள அந்தச் சின்ன இடத்தில் என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு என்ன தெரிந்தது? ஆற்காட்டுக்காரர் ஒருவர் பூமாலைக்குத் தர வேண்டிய 4,200 ரூபாய். நாலு மூச்சுக்கு ஒரு தரம் அவரை நிறுத்தி வைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் வரும்போதெல்லாம் மூச்சு சட்டென்று குட்டையாகி, மூக்கு நுனி சூடாவதை மூன்றாம் நாள் சாயங்காலம்தான் முதல் தடவையாகக் கவனித்தேன். நான் போனதற்குப் பலன் அந்த நொடியிலேயே கிடைத்துவிட்டது என்று நம்புகிறேன்.

நான்காம் நாள்தான் விபஸ்ஸனா. தலையிலிருந்து கால் வரை உடம்பில் தெரிவதை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவது. அதன் பிறகு தினமும் மூன்று முறை, ஒரு மணி நேரம் கண் திறக்காமல், கை கால் அசைக்காமல் உட்கார வேண்டும். ஐந்தாம் நாள் இடது கணுக்கால் விண்விண்ணென்று தெறித்தது. கால் போய்விட்டது என்றே நினைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தபோது வலி ஒரே கட்டியாக இல்லாமல், விட்டு விட்டு வந்தது. நடுவில் வலியே இல்லாத சின்னச் சின்ன இடைவெளி. அடுத்த உட்காரலில் அந்த இடைவெளி வரவே இல்லை, அழுதுகொண்டே எழுந்தேன். இரண்டும் உண்மை.

இரவு ஒரு மணி நேரத்துக்கு மேல் கோயங்காவின் உரை, தமிழாக்கமும் உண்டு. அவரும் வியாபாரிதான். 1924இல் பர்மாவின் மாண்டலேயில் பிறந்தவர். தாங்க முடியாத ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடிப் போய், அரசாங்கக் கணக்குத் துறையில் பெரிய பதவியில் இருந்த ஊ பா கின்னிடம் கற்றுக்கொண்டு, 1969இல் இந்தியாவுக்கு வந்து சொல்லித்தர ஆரம்பித்தார். கொடுக்கல் வாங்கல் தெரிந்த மனுஷன் பேசுகிற பேச்சு எனக்கு நேராக உள்ளே இறங்கியது.

குறைகளும் உண்டு. தமிழாக்கத்தில் பாலி என்ற பழைய மொழிச் சொற்கள் அதிகம், பாதி உரை போன பிறகுதான் பிடிபடும். முட்டிவலிக்காரர்களுக்கு நாற்காலி தருகிறார்கள், ஆனால் நான் போன இடத்தில் அதை யாரும் முன்வந்து சொல்லவில்லை. மூன்று நாள் கஷ்டப்பட்ட பிறகு நானாகக் கேட்டேன். நீங்கள் முதல் நாளே கேளுங்கள். என் பக்கத்து அறைப் பெண் ஆறாம் நாள் கிளம்பிவிட்டாள். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகவே வேண்டாம்.

பணம் எதுவும் கேட்பதில்லை. முகாமை முடித்தவர்களிடம் மட்டும்தான் நன்கொடை வாங்குகிறார்கள், தொகை நம் விருப்பம். நான் ஒரு நாள் கடை லாபத்தைக் கொடுத்தேன்.

பத்தாம் நாள் காலை பேசலாம் என்றதும் எனக்கு முதலில் காற்றுதான் வந்தது. சாயங்காலத்துக்குள் குரல் தெளிந்துவிட்டது. பேசாமல் இருந்ததற்குக் கிடைத்தது அது, தியானத்தின் கணக்கில் அதைச் சேர்க்க மாட்டேன்.

மறுநாள் கழித்துக் கடைக்குப் போனேன். கிருஷ்ணகிரி சாமந்தி மூட்டையை அவிழ்த்ததும் வாசனை முகத்தில் அறைந்தது. ஈர வாழைநாரின் வாடை, சாக்கின் வாடை, எல்லாம் தனித்தனியாக. இத்தனை வருஷம் அதற்குள்ளேயே நின்றும் என் மூக்குக்கு அது தெரியாமலே போயிருக்கிறது.

வீட்டிலும் தினமும் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். காலையில் எனக்கு முடியவில்லை. மாலையில் மட்டும் விடாமல் உட்காருகிறேன். வருகிற மார்கழிக்கு மறுபடியும் எழுதிப் போடப் போகிறேன், இந்தத் தடவை என் நாத்தனாரும் வருகிறாள்.