தருமபுரி சர்ஜிக்கல் கடையில் வாங்கிய கிடுக்கிகள்: அறுவை அரங்குச் செவிலி ஒருவரின் மதிப்பீடு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சிறிய மருத்துவமனைகள் அறுவைக் கருவிகளுக்குப் பெரும்பாலும் சேலத்துக்கோ பெங்களூருக்கோ சொல்லி அனுப்புவது வழக்கம். இணையத்தில் படம் பார்த்து வாங்குவோரும் இப்போது பெருகிவிட்டனர். மகப்பேறும் பொது அறுவையும் நடக்கும் ஒரு சிறிய மருத்துவமனையின் அரங்குப் பொறுப்பைக் கவனிக்கும் நான், தேய்ந்துபோன கிடுக்கிகளுக்கு மாற்றாக ஒரு தொகுதியை இம்முறை தருமபுரி நகரில் உள்ள சர்ஜிக்கல் கடை ஒன்றிலேயே வாங்கினேன். உறையைப் பிரித்து, ஒவ்வொரு கருவியையும் கையில் பிடித்துச் சோதித்த பிறகு பணம் கொடுக்கலாம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டதே காரணம். பிடிக்கும் கருவியின் தரம் அதன் பளபளப்பில் இல்லை; மூட்டிலும் தாடையிலும், கைப்பிடி வளையங்களுக்கு அருகே படிப்படியாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டுப்பல்லிலும் இருக்கிறது.

முதலில் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ். பிரான்சின் பேயான், இங்கிலாந்தின் ஸ்பென்சர் வெல்ஸ் ஆகியோரின் பெயரால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வழங்கிவரும் இந்தக் கருவி, ரத்தக்குழாயைக் கவ்விப் பூட்டிக்கொண்டு நிற்பதால்தான் மருத்துவரின் கை அடுத்த வேலைக்குப் போக முடிகிறது. கடையில் இரண்டு தரம் காட்டினார்கள். ஒன்றில் இரு கால்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் திருகாணியால் இணைக்கப்பட்டிருந்தன. மற்றதில் ஒரு கால் இன்னொன்றின் நடுவே புகுந்து செல்லும் பாக்ஸ் ஜாயின்ட் இருந்தது. பின்னதன் விலை ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் திருகாணி மூட்டு நாளடைவில் தளர்ந்து தாடைகளைப் பக்கவாட்டில் ஆட விடும் என்பதையும், அப்படி ஆடும் தாடை குழாயை முழுமையாக அடைக்காது என்பதையும் அறிந்தவர்கள் இந்த விலை வேறுபாட்டைப் பொருட்படுத்த மாட்டார்கள். முதல் பல்லில் மட்டும் பூட்டி, மூட்டுப் பகுதியைப் பிடித்துக்கொண்டு, வளையங்களை உள்ளங்கையில் மெல்லத் தட்டினேன். தட்டியதும் திறந்துகொண்டால் பூட்டு சரியில்லை என்று பொருள். மலிவான தரத்தில் இரண்டு அப்படித் திறந்துகொண்டன. பாக்ஸ் ஜாயின்ட் வகையில் ஒன்றும் திறக்கவில்லை. முழுவதும் மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது தாடைகளுக்கிடையே ஒளி கசியவும் இல்லை.

ஆர்ட்டரி ஃபோர்செப்ஸிலேயே மெல்லிய நுனியுள்ள சிறிய மஸ்கிட்டோ வகையைக் கூடுதலாகவே வாங்கினேன். எங்கள் பகுதியில் கிரானைட் பட்டறைகளிலிருந்தும் வயல்களிலிருந்தும் விரல் நசுங்கியோ அரிவாள் பட்டோ வருபவர்கள் குறைவில்லை. விரலில் ரத்தக்குழாயை ஒட்டியே நரம்பு ஓடுவதால், ரத்தம் வரும் இடத்தைக் குத்துமதிப்பாகக் கவ்வுவது ஆபத்து. நன்றாகப் பார்த்து, குழாயை மட்டும் பிடிக்க மெல்லிய நுனி வேண்டும். இவற்றின் நுனிகள் குறை சொல்ல முடியாதபடி பொருந்தின.

இதற்கிடையே, பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர் காந்தத்தை எடுத்து ஒரு கிடுக்கியில் ஒட்டிக் காட்டி, "இது எவர்சில்வரே இல்லை" என்று கடைக்காரரிடம் வாதிட்டார். பாத்திரக் கடையில் செல்லுபடியாகும் அந்தச் சோதனை இங்கே செல்லாது. கிண்ணம், கிட்னி ட்ரே போன்றவற்றைச் செய்யும் 304 வகை எஃகில் காந்தம் ஒட்டாது. ஆனால் அதைச் சூடுபடுத்திக் கடினமாக்க முடியாது. கிடுக்கியின் தாடை வளையாமல் இருக்க 420 போன்ற கடினமாக்கத்தக்க வகை வேண்டும், அதில் காந்தம் நன்றாகவே ஒட்டும். கடைக்காரர் இதைப் பொறுமையாக விளக்கியது அவர்மீது நம்பிக்கையைக் கூட்டியது.

திசுவைப் பிடிக்கும் கிடுக்கிகளில்தான் வாங்குவோர் அதிகக் கவனம் செலுத்த வேண்டும், ஏனென்றால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுத்தால் நோயாளிக்குத்தான் சேதம். அலிஸ் என்னும் கிடுக்கியின் நுனியில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் சிறு பற்கள் உண்டு. ஆகவே அது வயிற்றுத்தசை உறை போன்ற உறுதியான திசுவுக்கும் வெட்டி எடுக்கப்போகும் பகுதிக்கும் உரியது, குடலுக்கு அன்று. குடல், குடல்வால், கருக்குழாய் ஆகியவற்றுக்குப் பல்லில்லாத, நடுவே திறப்புள்ள பாப்காக் என்னும் கிடுக்கி வேண்டும். கருத்தடை அறுவையில் குழாயைக் காயப்படுத்தாமல் தூக்கிப் பிடிப்பது அதுதான். கோக்கர் என்னும் கிடுக்கியின் நுனிப்பல் வழுக்கும் கடினத் திசுவை விடாது, மென்மையானதைக் கிழித்துவிடும். சிசேரியனில் கருப்பை வெட்டின் விளிம்புகளை அகலமாகக் கவ்வி ரத்தப்போக்கைக் குறைக்கும் கிரீன் ஆர்மிடேஜ், கல்கத்தாவில் பணியாற்றிய மகப்பேறு மருத்துவர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. அது இந்தக் கடையில் தயாராக இருந்தது எனக்கு வியப்பு. எடுத்த அலிஸ்களில் ஒன்றின் பற்கள் அரைப்பல் அளவு விலகிக் கோத்தன. சொன்னவுடன் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்கள். பஞ்சைப் பிடிக்கும் ஸ்பாஞ்ச் ஹோல்டரும் அறுவைத் துணியைக் கவ்வும் டவல் கிளிப்பும் சாதாரணத் தரமே போதும் என்பது என் கருத்து. அவற்றில் பணத்தைக் கொட்டுவது வீண்.

தையல் ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டரில் சிக்கனம் பார்க்கக் கூடாது. தாடையில் டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளைப் பதித்தவற்றைப் பொன்னிற வளையங்களால் அடையாளம் காணலாம். ஊசியை நுனியில் வைத்து இரண்டாம் பல்வரை பூட்டி, விரலால் ஊசியைத் திருப்ப முயன்றேன், அசையவில்லை. சாதாரண வகையில் அதே ஊசி எளிதாகச் சுழன்றது.

இந்த ஊரில் கருவி வாங்குவோர் தண்ணீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரக் காரணமாக இருந்த ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீர் இங்கே பலருக்கும் தெரிந்ததே. அதோடு ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பும் கடினத்தன்மையும் சேர்ந்து மூட்டுகளில் வெண்படிவத்தையும் பழுப்புப் புள்ளிகளையும் உண்டாக்குகின்றன. கழுவியபின் கடைசியாக வடிநீரிலோ ஆர்.ஓ. நீரிலோ அலசி, நன்றாகத் துடைத்து, மூட்டைத் திறந்த நிலையில் வைத்தே ஆட்டோகிளேவில் 121 பாகை செல்சியஸ் வெப்பத்துக்கு அனுப்புகிறோம். பூட்டியபடி வைத்தால் நீராவி தாடைகளுக்கிடையே போகாது. ப்ளீச்சிங் கரைசலிலோ சலைனிலோ ஊறவைத்தால் எந்த எஃகும் குழி விழும், அதற்குக் கடையைக் குறை சொல்வது நியாயமில்லை. பழுப்புப் புள்ளியைப் பென்சில் அழிப்பானால் தேய்த்துப் பார்க்கலாம்: மறைந்தால் கறை, அடியில் குழி தெரிந்தால் அரிப்பு. புதிதாக வாங்கியவற்றில் சில வாரங்கள் புழங்கியபின் வந்தவை கறைகளாகவே இருந்தன.

குறைகளும் உண்டு. பில்லில் கருவியின் பெயரும் எண்ணிக்கையும் மட்டுமே உள்ளன. தயாரிப்பாளர், தொகுதி எண் ஆகியவற்றை எழுதித் தரச் சொல்லிக் கேட்டபோது இரண்டு உருப்படிகளுக்கு மட்டும் எழுதினார்கள். பின்னாளில் பழுது கண்டால் எதை வைத்துத் திருப்புவது என்று அவர்கள் யோசிக்கவில்லை. சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையில் திசுவைப் பிடிக்கும் கிராஸ்பர்கள் இருப்பில் இல்லை, நீளமான பாப்காக்கும் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும். தாடை தேய்ந்தவற்றைச் சீர்செய்து தரும் வசதியும் இங்கே கிடையாது. திறந்த அறுவைக்கான அடிப்படைத் தொகுதி தேவைப்படும் மருத்துவமனைகள் தாராளமாக இங்கே வாங்கலாம். கூட்டம் குறைவான முற்பகல் வேளையில் போனால், ஒவ்வொரு கிடுக்கியையும் பூட்டித் திறந்து பார்க்க அவர்களே மேசையில் இடம் ஒதுக்கித் தருகிறார்கள்.