யார் கடிகாரத்தில் சரியான நேரம்?

நூறு விமானங்கள் பறக்கவேண்டிய நாளில் ஒரு நிறுவனம் இருபதை ரத்து செய்துவிடுகிறது. மீதி எண்பதில் எழுபத்திரண்டு சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்கின்றன. பறந்தவற்றை மட்டும் எண்ணினால் அந்த நிறுவனத்தின் நேரந்தவறாமை 90 சதவீதம். பறக்கவேண்டியவற்றை எண்ணினால் 72. இரண்டு கணக்கிலும் பிழை இல்லை. விளம்பரத்தில் எது வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ரத்தை எங்கே வைப்பது, கடிகாரத்தை எந்த இடத்தில் நிறுத்துவது, கணக்கை யார் எழுதுவது என்ற மூன்றும்தான் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்கு எது கிடைக்கவில்லை என்பது தெரியும்.

அமெரிக்கக் கணக்கு கறாரானது. பெரிய விமான நிறுவனங்கள் தங்கள் உள்நாட்டு விமானம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அரசுக்குக் கணக்குக் கொடுக்கவேண்டும் என்பது 1987 முதல் அங்கே விதி. இன்றைய பதிவில் முக்கியமாக நான்கு நேரங்கள் இருக்கின்றன: நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது, சக்கரம் தரையை விட்டு எழுந்தது, தரை தொட்டது, வாயிலில் வந்து நின்றது. இவற்றை யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடம் முடிவதற்குள் வாயிலுக்கு வந்துவிட்டால் அது நேரத்துக்கு வந்த விமானம். ரத்தானதும் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டதும் நேரத்துக்கு வராதவையாகவே எண்ணப்படும். மேலே சொன்ன நிறுவனத்துக்கு அங்கே 72தான்.

நான்கு நேரம் எதற்கு என்று கேட்கலாம். விமானத்தின் கதவைச் சாத்தி, பிரேக்கை விடுவித்து, இழுவை வண்டி பின்னால் தள்ளத் தொடங்கிய நொடியில் அது ‘புறப்பட்டு’விடுகிறது. அப்புறம் ஓடுபாதைக்குப் போகும் வழியான டாக்சிவேயில் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றாலும் புறப்பாட்டுக் கணக்கில் அது நேரம் தவறாத விமானம். ஜன்னலோரம் உட்கார்ந்து எதிரே நிற்கும் விமானங்களின் வாலை எண்ணியவர்களுக்கு இது தெரியும். நகர்ந்த நேரமும் எழுந்த நேரமும் தனித்தனியே பதிவாகும்போது இந்த வித்தை பலிப்பதில்லை. 2010 முதல் உள்நாட்டுப் பயணிகளை மூன்று மணி நேரத்துக்கு மேல் இறங்க வாய்ப்பில்லாமல் தரையிலேயே அடைத்துவைப்பதற்கும் அங்கே தடை இருக்கிறது.

அமெரிக்கக் கணக்கிலும் ஓட்டைகள் உண்டு. புறப்பாட்டுக்கு முந்தைய ஏழு நாட்களில் முன்பதிவு அமைப்பில் இருந்து, பிறகு பறக்காமல் போனால்தான் அது ரத்து. அதற்கு முன்பே அட்டவணையிலிருந்து நீக்கிவிட்டால் கணக்கில் வராது. டிக்கெட் வாங்கியவருக்கு இரண்டும் ஒன்றுதான். தாமதத்தின் காரணத்தை எழுதுவதும் நிறுவனமே. ‘கடும் வானிலை’ என்ற தலைப்பில் வருவது சொற்பம். மழையால் வான்பாதை நெரிசல் ஆனால் அது வேறு தலைப்பு. அதனால் தாமதமான விமானம் அடுத்த பயணத்துக்கும் பிந்தினால் அது ‘விமானம் தாமதமாக வந்தது’ என்ற தலைப்பு. மழையின் முழுப் பங்கைத் தேடிக் கூட்டித்தான் எடுக்கவேண்டும்.

இன்னொரு பழக்கம் எல்லா நாடுகளுக்கும் பொது. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடியும் பயணத்துக்கு அட்டவணையில் இரண்டே கால் மணி போட்டுவிட்டால் அரை மணி தாமதமாகக் கிளம்பியும் நேரத்துக்கு இறங்கலாம். ‘குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம்’ என்று விமானத்துக்குள் அறிவிக்கும்போது நமக்குக் கைதட்டத் தோன்றுகிறது. அட்டவணை போட்டவரும் கைதட்டிக்கொள்வார்.

ஐரோப்பாவில் சதவீதத்தைவிடப் பணம் முக்கியம். 2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் விதிமுறையும் 2009இல் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் சேர்ந்து, மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தவருக்குத் தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ என்று ஆக்கிவிட்டன. அசாதாரணச் சூழ்நிலை என்று நிரூபித்தால் நிறுவனத்துக்கு விலக்கு உண்டு. பணம் என்று வந்ததும் நிமிடக் கணக்குக்கே வழக்கு வந்தது. சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன்/பான் சென்ற ஜெர்மன்விங்ஸ் விமானம் தரை தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிறுத்துமிடத்துக்கு வந்தபோது 3 மணி 3 நிமிடம். தரை தொட்டதே வருகை என்றது நிறுவனம். 2014 செப்டம்பரில் நீதிமன்றம் சொன்னது வேறு: பயணிகள் இறங்கலாம் என்ற நிலையில் ஒரு கதவாவது திறக்கும் நேரமே வருகை நேரம். அதுவரை பயணி அடைபட்டவர். தன் வேலையைப் பார்க்க அவருக்கு வழியில்லை என்பது அதன் நியாயம். நான் படித்தவரையில் கடிகாரத்தைப் பயணியின் கையில் கட்டிய வரையறை இது ஒன்றுதான்.

இனி நம் நாடு. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, மாதந்தோறும் அறிக்கை வெளியிடுகிறது. நிறுவனவாரியாக நேரந்தவறாமை ஒரு பக்கம், ரத்து விகிதம் தனியாக இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது வாசகர் பாடு. நேரந்தவறாமையும் எல்லா ஊர்களுக்கும் கிடையாது. பல ஆண்டுகள் டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் நான்கு மட்டுமே கணக்கில் இருந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் ஓடுபாதை வெள்ளத்தில் மூழ்கி மீனம்பாக்கம் மூடப்பட்டபோது, நாட்டின் நேரந்தவறாமைக் கணக்கில் சென்னையே இல்லை. பிறகுதான் சென்னையும் கொல்கத்தாவும் சேர்ந்து ஆறாயின. மதுரை, திருச்சி, கோவைப் பயணிகளுக்கு அதில் இன்றும் இடமில்லை.

அந்த அறிக்கையில் எனக்குப் பிடித்த பகுதியும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதத்தால் பாதிக்கப்பட்டோர் எத்தனை பேர், அவர்களுக்கு நிறுவனம் எவ்வளவு செலவிட்டது, பத்தாயிரம் பயணிகளுக்கு எத்தனை புகார் என்பதெல்லாம் அதில் வரும். சதவீதத்தின் பின்னால் ஆட்கள் இருப்பது அங்கேதான் தெரிகிறது. ஆனால் விமானவாரித் தரவை அது தருவதில்லை. தாமதத்துக்கு இங்கே ரொக்க இழப்பீடும் இல்லை: சாப்பாடு, ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானம் அல்லது பணம் திரும்ப, மிக நீண்ட தாமதத்துக்குத் தங்குமிடம், அவ்வளவுதான்.

2025 இறுதியில் இண்டிகோ தடுமாறியபோது இந்த முறையின் பலமும் பலவீனமும் ஒன்றாக வெளிவந்தன. விமானிகளின் பணி நேர விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பரில் அமலானது. அந்த மாதம் இண்டிகோவில் ரத்தானவை 1,232. அவற்றில் 755 விமானப் பணியாளர், பணி நேர விதி தொடர்பானவை என்று டிஜிசிஏ தெரிவித்தது. நேரந்தவறாமை அக்டோபரின் 84.1 சதவீதத்திலிருந்து 67.7 ஆகச் சரிந்தது. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் ரத்து. அதன் பிறகு இண்டிகோவின் அட்டவணையில் பத்து சதவீதத்தைக் குறைக்கச் சொன்னது அரசு. அப்படிக் குறைத்தவை ரத்துப் பட்டியலில் வராமலே போகலாம்.

தனியார் தரவரிசைகளை நான் அரைக் கண்ணால்தான் பார்ப்பேன். விமானத் தரவு நிறுவனமான ஓஏஜி ரத்தையும் நேரம் தவறியதாகச் சேர்த்துக்கொள்வதால் அதற்குச் சற்று மதிப்பு உண்டு. பயணிகளுக்கு இழப்பீடு வாங்கித்தரும் ஏர்ஹெல்ப் தன் 2024 பட்டியலில் இண்டிகோவுக்கு 109இல் 103ஆம் இடம் தந்தது. இண்டிகோ அதை மறுத்தது. அந்தப் பட்டியலில் நேரந்தவறாமையோடு பயணிகளின் கருத்தும் இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் தீர்த்த விதமும் கலந்திருக்கின்றன. டிஜிசிஏ பட்டியலோடு அதை மோதவிடுவது பொருந்தாத சண்டை.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் தரவுக்கு அமெரிக்கா, கடிகாரத்துக்கு ஐரோப்பா என்பேன். டிஜிசிஏவிடம் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். விமானவாரியாக வெளியிடுவதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம். அது நடக்கும்வரை டிக்கெட் எடுப்பவர் மாத அறிக்கையில் ரத்து விகிதத்தை முதலில் பார்க்கலாம், நேரந்தவறாமையை அடுத்தபடியாக. தாமதக் காரணங்களில் பெரும்பங்கு முந்தைய பயணத்தின் தாமதம் தொற்றிக்கொண்டு வருவது என்பதையும் அதே அறிக்கை மாதாமாதம் சொல்கிறது. காலை முதல் விமானத்துக்கு அந்தத் தொற்று குறைவு, குளிர்காலத்து டெல்லியைத் தவிர.