மே தின விடுமுறைக்கு நண்பர்களோடு சீனா: பெய்ஜிங்கா, ஷாங்காயா?

நான்கைந்து பேர் சேர்ந்து மூன்று நான்கு நாளுக்குச் சீனா போகலாம் என்று பேச்செடுத்தால், கடைசியில் அது இந்த இரண்டு ஊர்களில்தான் வந்து நிற்கும். எங்கள் குழு ஷாங்காயைத் தேர்ந்தெடுத்தது. பார்க்க வேண்டிய இடங்களின் பெருமையை மட்டும் எடைபோட்டால் பெய்ஜிங்தான் முந்தும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சீனர்களுக்கும் விடுமுறையான நாளில் கூட்டமாகப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது முன்பதிவு.

பொதுவானவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். குழுவில் ஒருவரிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் அவருக்கு விசா வேண்டும், அதை முதலில் முடியுங்கள். இரண்டு ஊரிலும் மெட்ரோ அருமை. பணம் கட்டும் செயலியான அலிபேயில் வெளிநாட்டு கார்டை இணைத்தால் தெருக்கடை வரை செல்லும். ஒரே தடவையில் 200 யுவானைத் தாண்டினால் 3% கட்டணம் பிடிப்பார்கள், அதனால் ஹோட்டல் சாப்பாட்டு பில்லை ஒருவரே கட்டாமல் பிரித்துக் கட்டுங்கள். உள்ளூர் வைஃபையில் வாட்ஸ்அப் வேலை செய்யாது. கிளம்பும் முன்பே எல்லாரும் சீனாவின் அரட்டைச் செயலியான வீசாட் போட்டு ஒரு குழு தொடங்கிவிடுங்கள்.

பெய்ஜிங்கில் என்ன சிக்கல் என்றால், அங்கே முக்கியமான இடம் எதற்கும் நினைத்த நேரத்தில் போய் நிற்க முடியாது. ஃபர்பிடன் சிட்டி அரண்மனைக்கு ஒரு நாளைக்கு 40,000 பேர்தான். டிக்கெட் ஏழு நாளுக்கு முன்னால், இரவு 8 மணிக்குத் திறக்கும். மே 1, சீன தேசிய தினமான அக்டோபர் 1 வாரங்களில் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். காலையா, மதியமா என்பதையும் அப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொருவர் பெயரும் எண்ணும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். பழைய கடவுச்சீட்டு எண்ணைக் கொடுத்துவிட்டுப் புதியதோடு போனால் வாசலில் நிறுத்திவிடுவார்கள். ரத்தான டிக்கெட்டுகள் அவ்வப்போது திரும்ப வரும்தான். ஆனால் அவை ஒன்று, இரண்டாகத்தான் வரும். தனியாளுக்கு அது போதும், ஐந்து பேர் குழுவுக்கு உதவாது. மூன்று பேர் உள்ளே போக, இரண்டு பேர் வெளியே நிற்கும் நிலைமை இப்படித்தான் வருகிறது.

தியானன்மென் சதுக்கத்துக்குத் தனி முன்பதிவு. பக்கத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகம் இலவசம், ஆனால் அதற்கும் முன்பதிவு. பெருஞ்சுவரின் பாதாலிங் பகுதிக்கும் அப்படியே. இவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்பதுதான் பெரிய தொல்லை. முதல் நாள் விமானம் நான்கு மணி நேரம் தாமதமானால் அன்றைய அரண்மனை டிக்கெட் வீண். அதை மறுநாளுக்கு மாற்றலாம் என்றால் மறுநாள் டிக்கெட் எப்போதோ தீர்ந்திருக்கும். ஒருவருக்கு வயிறு சரியில்லை என்றாலும் மற்றவர்கள் அவரை அறையில் விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஜிங்ஷான் பூங்கா குன்றின் மேலேறி அரண்மனையின் மஞ்சள் கூரைகளைப் பார்ப்பது நல்ல மாற்றுதான். ஆனால் அதற்காகவா அவ்வளவு தூரம் போகிறோம்?

ஷாங்காயில் இந்தப் பிடி இல்லை. ஊரின் சிறப்பே அதன் தெருக்களும் ஆற்றங்கரையும்தான், அவற்றுக்கு டிக்கெட் கிடையாது. மழை வந்தால் இன்றைய திட்டத்தை நாளைக்குத் தள்ளலாம். இரண்டு பேர் தூங்க வேண்டும் என்றால் தூங்கட்டும், மதியம் மெட்ரோவில் வந்து சேர்ந்துகொள்வார்கள். காலையில் எழவே மாட்டேன் என்கிற ஒரு ஆளாவது எந்தக் குழுவிலும் இருப்பார். அவரோடு சண்டை போடாமல் சுற்ற முடிகிற ஊர் இது.

சிக்கல் இங்கே வேறு வடிவில் வரும்: ஆற்றங்கரைக் கூட்டம். பண்ட் என்ற பழைய கட்டட வரிசையின் முன்னே உள்ள நடைமேடை சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளம். விடுமுறை மாலைகளில் ஊரே அங்கேதான் இருக்கும். 2014 டிசம்பர் 31 இரவு இங்கே படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் 36 பேர் இறந்தார்கள். அதன்பிறகு கட்டுப்பாடு கடுமை. போலீசார் கைகோத்து நின்று, சிக்னல் மாறுவதற்கேற்ப மனிதச் சுவராகத் திறந்து மூடுவார்கள். பக்கத்தில் உள்ள நான்ஜிங் கிழக்குச் சாலை நிலையத்தில் நெரிசல் நாள் மாலைகளில் ரயில் நிற்காமல் போய்விடும். இது தெரியாமல் திரும்பி வர அந்த நிலையத்தை நம்பினால், கூட்டத்துக்குள் வெகுதூரம் நடக்க வேண்டிவரும். அந்தக் கூட்டத்தில் போன் இணைப்பும் திணறும். எனவே பிரிந்துபோனால் எந்த நிலையத்தில், எத்தனையாம் எண் வாசலில் சந்திப்பது என்று முன்பே பேசிவையுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. 12ஆம் எண் மெட்ரோவில் சர்வதேசக் கப்பல் பயணிகள் முனைய நிலையத்தில் இறங்கி, வடக்கு பண்ட் கரைக்கு நடந்து போங்கள். ஆறு அங்கே வளைகிறது. அதனால் ஒரு பக்கம் லூஜியாசுய் வட்டாரத்தின் வானளாவிய கோபுரங்கள், இன்னொரு பக்கம் பண்ட் கட்டடங்களின் மஞ்சள் விளக்கு, இரண்டும் ஒரே பார்வையில் கிடைக்கும். கூட்டமும் குறைவு. வெளிச்சம் போகுமுன் போய் இடம்பிடித்து உட்கார்ந்துவிட்டால், வானம் கருநீலமாகி விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறுவதை முழுதாகப் பார்க்கலாம். ஹுவாங்பூ ஆற்றைக் கடக்க 2 யுவான் படகு இருக்கிறது. உல்லாசப் படகுக்கு நூற்றுக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை.

ஒரு நாள் ஊருக்கு வெளியே போக வேண்டும் என்றால் ஜூஜியாஜியாவ் நீர்நகரம். 17ஆம் எண் மெட்ரோவிலேயே போய்விடலாம், ரயில் டிக்கெட் கவலை கிடையாது. காலை 9 மணிக்குள் போனால்தான் கால்வாய்ச் சந்துகளில் நடக்க இடமிருக்கும். சூசோவ் இன்னும் அழகு, அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான். ஆனால் அதற்கான டிக்கெட் 15 நாள் முன்பே விற்பனைக்கு வரும், விடுமுறைக்குச் சீக்கிரம் தீரும், அங்கேயுள்ள பெரிய தோட்டத்துக்கும் முன்பதிவு வேண்டும். மறுபடி பெய்ஜிங் கதைதான். டிஸ்னிலாந்தை இந்த நாட்களில் அடியோடு விட்டுவிடுங்கள்.

சைவச் சாப்பாட்டுக்காரர் இருந்தால் நான்ஜிங் மேற்குச் சாலையில் 1922 முதல் நடக்கும் கோங்தேலின் என்ற சைவ உணவகம் இருக்கிறது. பெரிய வட்ட மேசையில் நாலைந்து வகை சொல்லிப் பகிர்ந்து சாப்பிடக் குழுவுக்கு ஏற்ற இடம்.

இரண்டு ஊரையும் ஒரே பயணத்தில் சேர்க்கும் ஆசை வேண்டாம். இடையே 1,318 கிலோமீட்டர். வேகமான ரயிலே நாலரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும், நிலையத்துக்குப் போய்வரும் நேரம் சேர்த்தால் ஒரு பகல் போய்விடும்.

நான் சொன்ன கணக்கு சீன விடுமுறை நாட்களுக்கானது. பெரியவர்களோ சிறு குழந்தைகளோ உடன் வந்தால் ஷாங்காயின் நடையும் நெரிசலும் அவர்களுக்கு ஒத்துவராமல் போகலாம். தீபாவளி விடுமுறை என்றால் என் வாக்கு அப்படியே பெய்ஜிங்குக்கு மாறும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் விடுமுறை, சீனாவில் சாதாரண வேலை நாள். அக்டோபர் முதல் வாரக் கூட்டம் கலைந்திருக்கும், இலையுதிர்கால வானம் தெளிவாக இருக்கும். நவம்பரில் விழுந்தால் அரண்மனை டிக்கெட்டும் 60 யுவானிலிருந்து 40க்கு இறங்கும். திங்கட்கிழமை மட்டும் அரண்மனை மூடியிருக்கும், திட்டத்தில் அந்த நாளைப் பெருஞ்சுவருக்கு ஒதுக்குங்கள். டிக்கெட் திறக்கும் இரவு 8 மணி சிங்கப்பூர், மலேசிய நேரத்துக்கும் 8 மணிதான். எல்லாருடைய கடவுச்சீட்டு விவரத்தையும் முந்தின நாளே பதிந்துவைத்து, 7.55க்கு ஒருவர் உட்கார்ந்தால் போதும்.