ஆறு வருடமாக என் சமையலறையில் ஒரு ஊசி தெர்மாமீட்டர்

சாப்பிட்டு வளர்ந்த உணவுக்குப் பதம் பார்க்க யாருக்கும் கருவி தேவையில்லை. வாசனை சொல்லிவிடும், கரண்டியிலிருந்து விழுகிற விதம் சொல்லிவிடும். வாழ்க்கையில் ஒரு தடவைகூட வாயில் வைத்துப் பார்க்காத ஒன்றைச் செய்யும்போதுதான் சிக்கல். கிரெம் ஆங்கிலேஸ் என்கிற பிரெஞ்சு கஸ்டர்டைக் கரண்டியின் முதுகில் படியும்வரை கிளறச் சொல்வார்கள். எவ்வளவு படிந்தால் படிந்தது என்று கணக்கு? எனக்கு மூன்று முறையும் அது பாலில் மிதக்கும் முட்டைத் துணுக்குகளாகத்தான் முடிந்தது. நான்காவது முறைக்கு முன்னால், மடக்கி வைக்கக்கூடிய ஊசியும் சின்னத் திரையும் உள்ள ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன்.

82 டிகிரி வந்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, உடனே வேறு பாத்திரத்தில் வடிகட்டினேன். அவ்வளவுதான், கஸ்டர்ட் வந்துவிட்டது. 85-ஐத் தாண்டினால் முட்டை திரியத் தொடங்குகிறது. பதத்துக்கும் பாழுக்கும் நடுவே இருப்பது மூன்றே டிகிரி! அடுப்பை அணைத்துவிட்டு அதே பாத்திரத்தில் விட்டுவைத்தால், பாத்திரத்தின் சூடே அந்த மூன்றைக் கடத்திவிடும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இன்னொரு கஸ்டர்ட் செலவானது.

ஆனால் இந்தக் கருவி தன் விலைக்கு நியாயம் செய்தது சீஸ்கேக்கில்தான். மகளின் பிறந்தநாளுக்கு வருடா வருடம் செய்கிறேன். முதல் வருடம் சாதாரண கேக் மாதிரி நினைத்து, பல்குச்சி குத்தினால் ஒட்டாமல் வரும்வரை ஓவனில் வைத்திருந்தேன். வெளியே எடுத்தபோது குறுக்கே ஒரு பள்ளத்தாக்கே ஓடியது. சீஸ்கேக் பெயரளவில்தான் கேக், உள்ளுக்குள் அதுவும் கஸ்டர்ட். சூடு கூடக் கூட முட்டையின் புரதம் இறுகிச் சுருங்குகிறது, சுருங்கினால் வெடிக்கத்தானே செய்யும்? இப்போது நடுப்பகுதி 66 டிகிரி காட்டியதும் ஓவனை அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிடுகிறேன். அந்த நேரத்தில் அது வேகாதது போலத் தளதளவென்று ஆடும். பார்க்கவே பயமாக இருக்கும், இன்னும் பத்து நிமிடம் வைக்கலாமே என்று கை பரபரக்கும். வைக்காதீர்கள். ஆறி, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் இருந்தபிறகு கத்தி போட்டால் வழுவழுப்பாக வெட்டுப்படும். ஊசி குத்திய ஓட்டையை மறைக்க ஒரு பழத்துண்டு போதும்.

ஸ்பெயினின் ஸான் செபாஸ்தியான் நகரில் லா வின்யா என்ற உணவகம் பிரபலமாக்கிய, மேல்புறம் வேண்டுமென்றே கருக்கப்படும் சீஸ்கேக்குக்கு நான் ஊசியை எடுப்பதில்லை. அதிகச் சூட்டில் சுட்டு, மேலே கருத்ததும் எடுத்துவிட வேண்டும். அதற்குக் கண் போதும்.

அடுத்து எண்ணெய். டோனட்டுக்கு 175 முதல் 180 வரை. நான்கு டோனட் போட்ட உடனேயே எண்ணெயின் சூடு சரசரவென்று இறங்குவதைத் திரையில் பார்த்தபிறகுதான், என் முதல் டோனட்டுகள் ஏன் எண்ணெய் குடித்தன என்று புரிந்தது. இப்போது இரண்டிரண்டாகத்தான் போடுகிறேன். பெல்ஜியம் பாணியில் இரண்டு முறை பொரிக்கும் உருளைக்கிழங்குக்கும் இதே கதைதான்: முதலில் 150-இல் உள்ளே வேக, ஆறவிட்டு, பிறகு 180-க்கு மேல் வெளியே மொறுமொறுக்க.

ரொட்டிக்கும் உதவுகிறது. வெண்ணெயும் முட்டையும் நிறைந்த பிரியோஷுக்கு உள்ளே 88 டிகிரி போதும், மாவும் தண்ணீரும் மட்டுமான ரொட்டிக்கு 96 ஆக வேண்டும். மேல்தோலின் நிறத்தை நம்பி பிரியோஷை அறுத்து, நடுவே பச்சை மாவைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குறைகளும் இருக்கின்றன. இப்போது என்னிடம் இருப்பது இரண்டாவது கருவி. முதலாவதை ஆவி பறக்கும் பாத்திரத்தின் ஓரத்திலேயே சாய்த்து வைப்பேன், இரண்டாவது வருடம் திரைக்குள் நீர் கோத்துப் போய்விட்டது. தப்பு என்னுடையதுதான், ஆனாலும் சமையலறைக் கருவி ஆவியைத் தாங்க வேண்டாமா? இப்போதுள்ளது நீர் புகாதது. ஆனால் பத்து நிமிடத்தில் தானே அணைந்துவிடும், எண்ணெய் காயக் காத்திருக்கும்போது எரிச்சல். மடக்கும் மூட்டில் மாவு போய் அடைத்துக்கொள்கிறது, பழைய பல்துலக்கியால்தான் எடுக்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை நொறுக்கிய பனிக்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த குவளையில் விட்டுப் பார்க்கிறேன், பூஜ்யம் காட்ட வேண்டும். என்னுடையது இப்போது ஒரு டிகிரி கூடக் காட்டுகிறது. டோனட்டுக்குப் பரவாயில்லை, ஆனால் 31, 32 டிகிரியிலேயே வைத்து வேலை செய்ய வேண்டிய கருப்பு சாக்லேட்டுக்கு அந்த ஒரு டிகிரி தொல்லை.

கேரமல் விஷயத்தில் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். அகலமான வாணலியில் சர்க்கரை குறைவாக இருந்ததால் ஊசிமுனை சரியாக மூழ்கவில்லை. திரை 150 என்று சொல்லிக்கொண்டிருக்க, வாணலி புகைய ஆரம்பித்துவிட்டது. வாணலியைச் சாய்த்துப் பாகை ஒரு பக்கமாகத் திரட்டி அளக்க வேண்டும். சரி, அதைவிடச் சின்னப் பாத்திரம் எடுப்பது சுலபம்.

சில இடங்களில் இது சுத்தமாகப் பயன்படாது. பிரெஞ்சு வெங்காய சூப்புக்கு வெங்காயம் தேன் நிறம் வரப் பத்து நிமிடம் என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்து எனக்கு வந்ததே இல்லை, எந்த எண்ணும் அதைக் குறுக்கியதும் இல்லை. ராகு என்கிற இத்தாலிய இறைச்சிக் குழம்பும் அப்படித்தான். முதல் மணியிலும் மூன்றாம் மணியிலும் திரை கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் காட்டும், ஆனால் முதல் மணியில் இறைச்சி ரப்பர், மூன்றாம் மணியில் பஞ்சு. இறைச்சியை விறைப்பாக வைத்திருக்கும் கொலாஜன் என்கிற புரதம் கரைந்து, மென்மையான ஜெலட்டினாக மாறச் சூடு மட்டும் போதாது, நேரமும் வேண்டும். அதற்கு முள்கரண்டியால் குத்திப் பார்ப்பதே வழி.

கஸ்டர்டுக்கு மட்டும் இப்போதெல்லாம் அதை எடுப்பதில்லை. 80-ஐ நெருங்கும்போது மேலே மிதக்கும் நுரை அடங்கி, கரண்டி கொஞ்சம் கனக்கிறது. ஒவ்வொரு தடவையும் எண்ணைப் பார்த்துப் பார்த்து, கூடவே இதையும் கவனித்திருக்கிறேன் போல. போன வாரம் நுரையை மட்டும் நம்பி இறக்கிவிட்டு, சும்மா ஊசியை விட்டுப் பார்த்தேன். 83.