ரீகால் பம்பு முதல் டிகார்பன் வரை: சர்வீஸ் சென்டரில் எதற்குச் சரி சொல்லலாம்?

"வண்டி நல்லாத்தானே ஓடுது, எதுக்குப் பெட்ரோல் பம்பை மாத்தணும்?" கோளாறான பாகத்தைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பதுதான் ரீகால். அந்த அழைப்பு வந்த பலரும் கேட்பது இதைத்தான். 2024 அக்டோபரில் ஹோண்டா 90,468 பழைய வண்டிகளுக்குப் பம்பை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. சிட்டி, அமேஸ், ஜாஸ், பிரியோ, டபிள்யூஆர்-வி, பிஆர்-வி எல்லாம் அதில் உண்டு. அதற்கு முன் 2020 ஜூலையில் மாருதியும் பெட்ரோல் பம்புக்காகவே வேகன் ஆர், பெலினோ இரண்டிலும் சேர்த்து 1,34,885 வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

ஹோண்டா பம்பில் கோளாறு இருப்பது இம்பெல்லரில். டேங்குக்குள் மூழ்கியபடியே சுழலும் சின்னப் பிளாஸ்டிக் தட்டு அது. அடர்த்தி குறைவாக வார்க்கப்பட்ட தட்டு நாளாக ஆகப் பெட்ரோலை உறிஞ்சி உப்பிவிடும். உறைக்கும் அதற்கும் இடைவெளி மயிரிழைதான் என்பதால், கொஞ்சம் உப்பினாலே உரசத் தொடங்கும். பிறகு ஒருநாள் இறுகி நின்றுவிடும். வீட்டு வாசலில் நின்றால் தொந்தரவோடு போயிற்று. பைபாஸில் நூறு கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் லாரி வரும்போது எஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும், மிதியின் கனத்தைக் குறைக்கும் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருப்பது ஓரிரண்டு மிதிக்குத்தான். ஸ்டார்ட் ஆக நேரமெடுப்பது, மேடேறும்போது இழுவை குறைவது, டேங்க் பக்கம் ரீங்காரம், சூட்டில் நின்று ஆறியதும் ஓடுவது போன்ற அறிகுறிகள் சில வண்டிகளில் முன்கூட்டியே தெரியும். சிலவற்றில் ஒன்றுமே தெரியாது. ஆகவே 'பிரச்சினை வந்தால் பார்த்துக்கலாம்' என்பது இந்த வேலைக்குப் பொருந்தாது.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. டேங்கில் பாதிக்குக் குறைவாகப் பெட்ரோல் இருக்கட்டும். முழுக்க நிரம்பியிருந்தால் மாட்யூலை, அதாவது பம்பு பொருத்தியிருக்கும் முழுத் தொகுதியைத் தூக்கும்போது வழியும். பம்பின் கனெக்டரைக் கழற்றி எஞ்சினைத் தானே அணையும்வரை ஓடவிட்டு, குழாயில் உள்ள அழுத்தத்தை இறக்குவார்கள். அடுத்து பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவார்கள். பல வண்டிகளில் பின்சீட்டைத் தூக்கினால் மூடி தெரியும். ஜாஸ் மாதிரி வண்டிகளில் டேங்க் முன்சீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. சிலவற்றில் டேங்கையே இறக்கியாக வேண்டும்.

இதில் பெரும்பாலும் கவனிக்காமல் விடப்படுவது மாட்யூலுக்கு அடியில் உட்காரும் ரப்பர் வளையம். பழைய வளையம் பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும், திரும்பப் பள்ளத்தில் சரியாக உட்காராது. புதுசு போட்டார்களா என்று கேட்டுவிடுங்கள். வண்டி கைக்கு வந்ததும் டேங்கை நிரப்பி, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு ஐந்து நிமிஷம் உள்ளே உட்காருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அப்படியே திரும்பக் கொண்டுபோய் விடுங்கள். பெட்ரோல் அளவு காட்டும் மிதவையும் பல வண்டிகளில் அந்த மாட்யூலிலேயே இருப்பதால், டேங்க் நிரம்பியதும் முள் மேலே போகிறதா என்பதையும் பாருங்கள்.

இதற்கு உதிரிபாகம், கூலி எதற்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. 'ரெகுலர் சர்வீஸோடு சேர்த்துத்தான் செய்வோம்' என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரீகால் வேலை முடிந்ததாக ஜாப் கார்டில் (செய்யும் வேலைகளை எழுதும் சீட்டு) எழுதி வாங்குங்கள். விற்கும் நாளில் உதவும்.

'நம்ம வண்டி அந்தப் பட்டியலில் இல்லை' என்று உறுதியாக இருப்பவர்களுக்கும் ஒரு விஷயம். ஹோண்டாவின் 2024 அறிவிப்பில் இன்னொரு 2,204 வண்டிகளும் இருந்தன. தயாரிப்பில் நல்ல பம்போடு வந்து, பிற்பாடு ரிப்பேருக்காகக் கோளாறான பம்பு மாட்டப்பட்டவை அவை. ஆகவே மாடலையும் வருஷத்தையும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஆர்.சி.யில் உள்ள 17 எழுத்து சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அதில் இங்கிலீஷ் எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது. வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்யம். பழைய வண்டி வாங்கியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் கடிதமும் குறுஞ்செய்தியும் முதல் உரிமையாளருக்கே போய்க்கொண்டிருக்கும்.

அதிலும் பழைய சிட்டி, ஜாஸ், அக்கார்ட் வைத்திருப்பவர்கள் டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனி செய்த ஏர்பேக்குக்கான ரீகால் பாக்கி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்க வேண்டும். ஏர்பேக்கை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டரில் இருப்பது அம்மோனியம் நைட்ரேட். சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்டு அது நொறுங்கிப்போனால், ஏர்பேக் விரியும் நேரத்தில் வேண்டியதைவிட வேகமாக எரிந்து உலோகக் கூட்டையே வெடிக்கவைத்துவிடும். தெறிக்கும் துண்டுகள் ஓட்டுபவரின் கழுத்துக்கும் முகத்துக்கும் வரும். மலேசியாவில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினத்தின் புழுக்கமும் அதே ஜாதிதான்.

2021 ஏப்ரல் முதல் ரீகாலுக்குச் சட்டமும் இருக்கிறது. அரசே உத்தரவிட முடியும், ஆனால் ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். அதைத் தாண்டிய வண்டி என்றால் கம்பெனி தானாக முன்வந்து அறிவிப்பதைத்தான் நம்பியிருக்க வேண்டும். அறிவிப்பு வரும்போதே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்துச் செய்யும் தடுப்பு வேலைகளில் கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லக்கூடியது டைமிங் பெல்ட், அதாவது வால்வுகள் பிஸ்டனோடு இசைந்து திறந்து மூட வைக்கும் பெல்ட். டஸ்டர் 1.5 டீசல், போலோ 1.5 டீசல் மாதிரி பெல்ட் உள்ள எஞ்சினில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும், ஹெட்டையே பிரிக்க வேண்டிவரும். வண்டியோடு வந்த கையேட்டில் சொன்ன கிலோமீட்டர், வருஷம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுங்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதைத் தாங்கி உருளும் ஐட்லர், பெல்ட்டால் சுற்றும் வாட்டர் பம்பு மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு ஆறு மாதத்தில் வாட்டர் பம்பு ஒழுகினால் அதே கூலியை இரண்டாம் முறை கட்ட வேண்டும். பிரேக் ஆயிலும் அப்படித்தான்: காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி அதன் கொதிநிலை இறங்கிவிடும். மலைப்பாதையில் இறங்கும்போதுதான் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

எஞ்சினுக்குள் படிந்த கரியை நீக்கும் டிகார்பன் வேறு கதை. போர்ட் இன்ஜெக்ஷன் எஞ்சினில் பெட்ரோல் உள்ளிழுக்கும் வால்வின் முதுகில் பட்டுத்தான் போகிறது, அது அந்த வால்வைக் கழுவிக்கொண்டே இருக்கும். வால்வில் கரி படிவது பெரும்பாலும் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சினின் வியாதி. தேவையில்லாத வண்டிக்கும் சர்வீஸுக்குச் சர்வீஸ் இதை எழுதுவது சரியில்லை. பழைய ஆயிலில் மருந்து கலந்து எஞ்சினை உள்ளே கழுவும் எஞ்சின் ஃப்ளஷும் ஆயிலை நேரத்துக்கு மாற்றுகிறவர்களுக்குத் தேவையில்லை. துருவைத் தடுக்க வண்டியின் அடிப்பகுதியில் பூசும் அண்டர்பாடி கோட்டிங் கடலோரத்தில் ஓடும் வண்டிக்குப் பயன்படும்தான். ஆனால் மண்ணை நன்றாகக் கழுவி, முழுக்க உலரவிட்டு அடிக்க வேண்டும். கதவின் அடியில் நீர் வடியும் ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிட்டால் துரு உள்ளிருந்து கிளம்பும்.

ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரிக்கும் "இது கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கு?" என்று கேளுங்கள். பக்கத்தைக் காட்டினால் செய்யச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்.