பம்ப் ஏர் ரைஃபிளின் சக்தியைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் கடைகள்: வேலூர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய பம்ப் ஏர் ரைஃபிளை வாங்கி, சட்ட வரம்புக்குள் அதன் சக்தியைக் குறைத்துத் தரும்படி கடைக்காரரிடம் பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். வேலூரில் ஒரு கடையில் அந்த வேலைக்கென்று தனியாக 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் ரைஃபிளை என் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, ஏர் ரைஃபிள் குழலின் உள்விட்டம் 0.177 அங்குலத்துக்குள், அதாவது 4.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்; குழலைவிட்டு வெளியேறும் குண்டின் ஆற்றல் 20 ஜூல் என்ற அளவைத் தாண்டக் கூடாது. அப்படியிருந்தால் உரிமம் தேவையில்லை. இரண்டில் ஒன்று மீறினாலும் அது உரிமம் வேண்டிய ஆயுதம். மாட்டிக்கொள்ளப்போவது வாங்கியவர்தான், விற்றவர் கையை விரித்துவிடுவார்.

நான் வாங்கிய ரைஃபிளின் குழல் 4.5 மி.மீ.தான். முன்பு வைத்திருந்தவர் காற்றைத் திறந்துவிடும் வால்வையும், அதை அடித்துத் திறக்கும் சுத்தியலின் ஸ்பிரிங்கையும் மாற்றிச் சக்தியைக் கூட்டியிருந்தார். இதைச் சொன்னதே கடைக்காரர்தான். “எல்லாவற்றையும் பழையபடி ஆக்கி, அளந்து, சான்றிதழோடு தருகிறேன் சார்” என்றார். சொன்ன தேதியில் போனபோது, குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராப் தயாராக இருந்தது. நான்கு முறை பம்ப் அடித்தார், அரை கிராம் குண்டு ஒன்றைப் போட்டுச் சுட்டார். திரையில் வினாடிக்கு 215 மீட்டர். “பன்னிரண்டு ஜூல்கூட வரவில்லை, பாருங்கள்” என்றார். கணக்கு சரி. மோசடி அளந்த விதத்தில் இருந்தது.

ஸ்பிரிங் துப்பாக்கியை ஒரு முறை மடக்கினால் ஏறுவது ஒரே சக்தி. பம்ப் ரைஃபிள் அப்படியல்ல. அடிக்க அடிக்க உள்ளே காற்றழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அந்த ரைஃபிளைப் பத்து முறை வரை அடிக்கலாம். நான்கோடு நிறுத்தி அளந்தால் எந்த ரைஃபிளும் உத்தமமாகத்தான் தெரியும். இன்னொன்று, காற்றழுத்தத்தில் இயங்கும் ரைஃபிள்களில் எடை கூடிய குண்டு குழலுக்குள் சற்று அதிக நேரம் இருந்து, விரியும் காற்றின் உந்துதலைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும். வேகம் குறைந்தாலும் ஆற்றல் பெரும்பாலும் கூடும். அவர் இலேசான குண்டைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அணைக்கட்டுப் பக்கம் எங்கள் மாந்தோப்பில் என் மைத்துனர் தன் குரோனோகிராப்பில் மறுபடி அளந்தார். பத்து பம்ப், 0.68 கிராம் குண்டு: வினாடிக்கு 254 மீட்டர். வேகத்தை வேகத்தால் பெருக்கி, அதைக் கிலோகிராமில் உள்ள எடையால் பெருக்கிப் பாதியாக்கினால் ஏறக்குறைய 22 ஜூல். பிறகு அவர் ரைஃபிளைத் திருப்பிப் பிடித்து அடிப்பக்கத் திருகாணிகளைக் காட்டினார். ஒவ்வொன்றின் வெட்டிலும் பழைய எண்ணெயும் தூசியும் கெட்டியாக அடைத்துக் கிடந்தன. திருப்புளி பட்டிருந்தால் அந்த அழுக்கு அப்படி இருக்காது. வயிறு எரிந்தது.

இந்த வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர் காற்று போகும் துளையைச் சிறிதாக்குவார், அல்லது குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் போனால் காற்றை வெளியேற்றிவிடும் வால்வைப் பொருத்துவார். சுத்தியல் ஸ்பிரிங்கை மட்டும் தளர்த்தி அனுப்பினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். சுட்ட பிறகும் உள்ளே காற்று மிஞ்சி நிற்கலாம். அதன் மேல் மறுபடி பம்ப் அடித்தால் அடுத்த குண்டு எதிர்பாராத வேகத்தில் போகும். பக்கத்தில் பிள்ளைகள் நிற்கும் இடத்தில் இது விளையாட்டல்ல. பணம் கொடுக்கும் முன், முழு பம்ப்பில், கிடைப்பதில் எடை கூடிய குண்டைப் போட்டு உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள். குண்டின் எடை, பம்ப் எண்ணிக்கை, வேகம் மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கடை முத்திரை குத்திய ‘சான்றிதழ்’ என்னிடமும் இருக்கிறது. அதில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் காலையிலேயே ரைஃபிளைக் கடையில் ஒப்படைத்து எழுத்தில் ஒப்புகை வாங்கினேன். ரைஃபிளின் விலையைத் தந்தார்கள். 4,500 ரூபாயை, “வேலை செய்தாகிவிட்டது” என்று சொல்லித் தர மறுக்கிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்ததாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். பில், சான்றிதழ், மைத்துனர் எடுத்த திருகாணிப் படங்கள் எல்லாம் மனுவோடு போகின்றன. இதே கடையில் இதே வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் இருந்தால், உங்கள் ரைஃபிளையும் முழு பம்ப்பில் அளந்து பாருங்கள்.