மூவாயிரம் சமையல் குறிப்புகள்: கிளை பிரிப்பதா, சல்லடை போடுவதா, தேடவிடுவதா?

ஒரு சமையல் தளத்தில் முந்நூறு குறிப்புகள் இருக்கும்வரை எப்படி அடுக்கினாலும் ஓடிவிடும். மூவாயிரம் ஆனதும் திணற ஆரம்பிக்கும். சுண்டைக்காய் வத்தக்குழம்பை எங்கே வைப்பது? குழம்பு வகையிலா, வத்தல் வகையிலா, வீட்டில் காய்கறி இல்லாத நாளுக்கு என்ற தலைப்பிலா? பக்கங்கள் குவிந்த எந்தத் தளத்துக்கும் இந்தக் கேள்வி உண்டு. சமையலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அங்கே வருபவர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வருகிறார். அவரைக் காக்கவைக்க முடியாது.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது கிளை பிரிப்பது. சைவம், அதற்குள் குழம்பு, அதற்குள் புளிக்குழம்பு. 1994-ல் ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் யாஹூ என்ற வலைத்தள அடைவை இப்படித்தான் தொடங்கினார்கள்; மனிதர்களே தளங்களைப் பார்த்துத் தலைப்புக்குள் தலைப்பாக அடுக்கினார்கள். வலை பெருகிய வேகத்துக்கு அந்தக் கைகள் ஈடுகொடுக்கவில்லை. 2014-ன் இறுதியில் அந்த அடைவை மூடிவிட்டார்கள். மூவாயிரம் குறிப்புகளுக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. ஆனால் கிளை பிரித்தால் ஒரு பொருளுக்கு ஒரு வீடுதான். அந்த வீடு எது என்பதை அடுக்குபவர் முடிவு செய்கிறார், தேடுபவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. நூலகப் புத்தகங்களை எண்களால் அடுக்க 1876-ல் வந்த டூயி தசமப் பகுப்பில் சமயத்துக்கான 200 வரிசையில் பெரும்பகுதியைக் கிறிஸ்தவம் எடுத்துக்கொண்டது; மற்ற சமயங்கள் எல்லாம் 290-களுக்குள் நெருக்கி உட்கார வேண்டியதாயிற்று. முதல் பிரிவாக எதை வைக்கிறோமோ அதுவே நம் பார்வையைக் காட்டிவிடும். சைவம், அசைவம் என்று ஆரம்பித்தால் முட்டைக்குழம்பு எந்தப் பக்கம் என்று வீட்டுக்கு வீடு பதில் மாறும்.

இதற்கு மாற்றைக் கண்டவர் நம் சீர்காழிக்காரர், எஸ். ஆர். ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924-ல் பொறுப்பேற்றவர், 1933-ல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். புத்தகத்துக்கு ஒரே பெட்டி தேடாமல், அது எதைப் பற்றியது, என்ன பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று தனித்தனி முகங்களாகப் பிரித்து, பிறகு கோத்துக்கொள்வது அவர் வழி. சமையலுக்கு இது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. உணவு: குழம்பு. பொருள்: சுண்டைக்காய் வத்தல். செயல்: கொதிக்கவைத்தல். இடம்: தஞ்சாவூர். காலம்: மதியம். இப்போது வத்தக்குழம்புக்கு ஐந்து வாசல். ‘கத்தரிக்காய் இருக்கிறது, மதியத்துக்குச் சமைக்க வேண்டும்’ என்று வருபவர் இரண்டு சல்லடையைப் போட்டால் போதும். கடைத் தளங்களில் விலை, அளவு, நிறம் என்று வடிகட்டுகிறோமே, அதன் அடிப்படையும் இந்த எண்ணம்தான். இதை ஒரு தமிழர் நூலக அலமாரிக்காக யோசித்தார் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது.

உழைப்பு அதிகம், அதை மறைக்க முடியாது. மூவாயிரம் குறிப்புக்கும் ஐந்து முகத்தையும் ஒருவர் உட்கார்ந்து நிரப்ப வேண்டும். ஒருவர் கத்தரி என்றும் இன்னொருவர் கத்திரிக்காய் என்றும் போட்டால் சல்லடை கிழிந்துவிடும். அதனால் சொற்பட்டியலை முதலிலேயே முடிவுசெய்து, அதிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்க வைக்க வேண்டும். கைபேசியில் வடிகட்டியை ஒரு பொத்தானுக்குப் பின்னால் ஒளித்துவைத்தால் பலர் கண்ணில் அது படாமலே போகும்.

அப்படியானால் தேடல் பெட்டி ஒன்றை வைத்துவிட்டால் தீர்ந்ததே என்பார்கள். தமிழில் அங்கேதான் அடி வாங்குகிறோம். வத்தக்குழம்பு, வத்தல் குழம்பு, வற்றல் குழம்பு, வத்தக் குழம்பு என நான்கு விதமாக எழுதுகிறோம். எழுத்தை அப்படியே ஒப்பிடும் தேடலுக்கு இவை நான்கும் வேறு வேறு சொற்கள். ‘சுண்டைக்காயை வறுத்து’ என்று குறிப்பில் இருந்தால், முழுச் சொல்லை மட்டும் பொருத்தும் பெட்டி சுண்டைக்காய் என்று தேடுபவருக்கு அதைக் காட்டாது. வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்கள் வேறு இருக்கிறார்கள். இணைச்சொல் பட்டியலும் வேர்ச்சொல் பிரிப்பும் இல்லாத தேடல், பெயரைத் துல்லியமாக எழுதத் தெரிந்தவருக்கு மட்டும் உதவும். இன்னொன்று, என்ன சமைப்பது என்றே முடிவெடுக்காமல் வருபவருக்குத் தேடல் பெட்டி வெறும் வெள்ளைக் கட்டம்.

புதியது முதலில் என்ற வரிசை செய்திக்குச் சரி. சமையலுக்குச் சரியில்லை. ஐந்து வருடத்துக்கு முன் எழுதிய சர்க்கரைப் பொங்கல் தை முதல் நாள் மேலே வர வேண்டும். நேற்று எழுதிய நூடுல்ஸ் கீழே காத்திருக்கலாம். அதிகம் பார்த்தது முதலில் என்றால் மேலே இருப்பதையே எல்லோரும் பார்த்து, அதுவே மேலேயே நிற்கும்.

என் தேர்வு இது. அடியில் ரங்கநாதன் வழி. முகப்பில் ஆறேழு வாசல் மட்டும், காலத்துக்கு ஏற்ப ஆசிரியர் கையால் மாற்றுவது: ஆடியில் கூழ், புரட்டாசியில் அசைவம் இல்லாத பட்டியல், ஐப்பசியில் பலகாரம். தேடல் அதற்குத் துணை. ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் இதே முன்னுரிமை வேண்டும். 2012-ல் வந்த பிரிட்டிஷ் அரசுத் தளத்தில் வங்கி விடுமுறைப் பக்கத்தைத் திறந்தால், அடுத்த விடுமுறை எந்த நாள் என்பது பெரிய எழுத்தில் முதலில் நிற்கும். முழுப் பட்டியல் கீழே. குறிப்பிலும் பொருள்களும் அளவும் முதலில் வரட்டும், பாட்டி கதை அப்புறம் வரட்டும். கதை எனக்கும் பிடிக்கும், ஆனால் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது.

வேலையைத் தொடங்க ஒரு இடம் வேண்டுமென்றால், தேடிப் பதில் கிடைக்காத சொற்களின் பதிவை வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் வற்றல் குழம்பு இருந்தால் இணைச்சொல் பட்டியலில் ஒரு வரி சேருங்கள். ‘காய் இல்லாத குழம்பு’ திரும்பத் திரும்ப வந்தால், முகப்பில் அதற்கு ஒரு வாசல் திறங்கள்.